குடி வழியும் குருதி வழியும்

குழந்தைகளுக்கு வரும் இதய நோய்கள் பொதுப் பேச்சில் ஒரே பெயரால் வழங்கப்பட்டாலும் அவற்றின் தோற்றுவாய்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. கருவில் இதயம் உருவாகும்போது அறைகளுக்கு இடையிலான சுவர் முழுமையாக மூடாமல் துவாரமாக எஞ்சுவது ஒரு வகை. தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் வால்வுகளைச் சிதைப்பது இன்னொரு வகை. இந்த அத்தியாயம் ஆராயும் நோயில் துவாரமும் இல்லை, வால்வுப் பழுதும் இல்லை, குருதிக்குழாய் அடைப்பும் இல்லை. இதயத்தின் கட்டமைப்பு சரியாகவே இருக்க, அதன் சுவராக அமைந்த தசை தன் வேலையைச் செய்ய இயலாததாகப் பிறக்கிறது, அல்லது பிறந்து சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அந்நிலைக்கு வருகிறது. இதயத்தசை நோய் எனப்படும் இது, தசை மெலிந்து இடது இதயவறை அகன்றுவிடும் விரிவு வகை, சுவர் தடித்து உள்ளறை குறுகிவிடும் தடிப்பு வகை, சுவரின் அளவு மாறாமலே தசை விறைத்துத் தளர மறுக்கும் விறைப்பு வகை எனப் பல வடிவங்களில் தோன்றுகிறது.

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வெளியான இரு பதிவேட்டு ஆய்வுகள், ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் சிறுவர்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுவதாகவும், முதல் வயது நிரம்பாத சிசுக்களிடையே அந்த வீதம் பல மடங்கு உயர்வதாகவும் காட்டின. அரிய நோய்தான், ஆனால் வந்த வீட்டில் அதன் அரிதான தன்மை எந்த ஆறுதலும் தருவதில்லை. பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, இரண்டு மிடறுக்கு ஒருமுறை மூச்சு வாங்கி நிறுத்துவது, எடை கூடாமல் இருப்பது, சளி என்று எண்ணி மருந்து கொடுத்தும் இளைப்பு விடாமல் தொடர்வது ஆகியவையே சிசுவில் அதன் முதற்குறிகள் என்பதால், நெஞ்சுத் தொற்றோடு இது குழப்பிக்கொள்ளப்படுவது வியப்பன்று. பெரிய பிள்ளைகளில், குறிப்பாகத் தடிப்பு வகையில், முன்னறிவிப்பு எதுவுமின்றி விளையாட்டின் நடுவே மயங்கி விழுவதே முதற்குறியாக அமைவதும் உண்டு.

இந்நோயின் வேரைத் தேட வேண்டிய இடம் தசைக்கலத்தினுள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் சாக்கோமியர் எனப்படும் சுருக்க அலகு. அங்கே மயோசின் என்னும் புரதத்தாலான தடித்த இழைகளும் அக்டின் என்னும் புரதத்தாலான மெல்லிய இழைகளும் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்து நிற்கின்றன. மயோசினின் தலைகள் அக்டினைப் பற்றி இழுத்து விடுவதனாலேயே இதயம் சுருங்குகிறது. எத்தனை தலைகள் ஒரே வேளையில் பற்றலாம், எத்தனை ஓய்வில் இருக்க வேண்டும் என்பதை நெறிப்படுத்துவதில் மயோசின் பிணைப்புப் புரதம்–சி என்னும் இன்னொரு புரதத்துக்குப் பெரும் பங்குண்டு. அதனை ஆக்கும் கட்டளையைத் தாங்கிய மரபணுவே, பாடநூல்களின் சொல்லில் பரம்பரையலகே, எம்வைபிபிசி3. வளர்ந்தோரிடமும் சிறுவரிடமும் தடிப்பு வகைக்குக் காரணமாக மிகுதியாகக் கண்டறியப்படும் இரு மரபணுக்களுள் இது ஒன்று. மற்றையது மயோசினையே ஆக்கும் எம்வைஎச்7. லண்டனில் டொனால்ட் டியர் என்ற நோயியலாளர் 1958இல் தடிப்பு வகையைத் தெளிவாக விவரித்தார். கனடாவின் கியூபெக் மாகாணத்துக் குடும்பம் ஒன்றில் அது எம்வைஎச்7 மரபணுவின் ஒரே ஒரு எழுத்து மாற்றத்தால் விளைவது என்று 1990இல் நிறுவப்படும்வரை, இந்நோய் குடும்பத்தில் ஓடுவது தெரிந்திருந்ததே தவிர ஏன் ஓடுகிறது என்பது தெரிந்திருக்கவில்லை.

எழுத்து மாற்றம் என்பதன் பொருளை இவ்விடத்தில் விளக்க வேண்டும். டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் எழுதப்படுவது. கலம் அதனை மும்மூன்று எழுத்துகளாகக் கூட்டி வாசித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலமாகச் சேர்த்துப் புரதத்தை ஆக்குகிறது. ‘அவர் மகன் படகு கடல்’ என்ற வரியில் இரண்டாம் எழுத்து நீங்கிவிட, வாசிப்பவர் மூன்றெழுத்து விதியைக் கைவிடாமல் தொடர்ந்தால் ‘அர்ம கன்ப டகுக டல்’ என்ற உளறலே மிஞ்சும். ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக மாறினால் ஒரு சொல் மட்டுமே கெடும்; எழுத்துகள் விடுபட்டாலோ அந்த இடத்துக்கு அப்பாலுள்ள வாசகம் முழுவதும் கெடக்கூடும். மரபணுவில் ஏற்படும் இத்தகைய மாற்றத்தையே விகாரம் என்கிறோம். இன்னும் ஒரு சிக்கல்: ஒரு மரபணுவின் எழுத்துகள் எல்லாம் புரதத்துக்கான கட்டளைகள் அல்ல. கட்டளைத் துண்டுகளுக்கு இடையே வெட்டியெறியப்பட வேண்டிய நீண்ட இடைத்துண்டுகள் கிடக்கின்றன. கலம் அவற்றை நீக்கிக் கட்டளைத் துண்டுகளை ஒட்டிய பிறகே வாசிக்கத் தொடங்குகிறது. எங்கே வெட்டுவது என்பதற்கான அடையாளங்கள் சிதைந்தால், கட்டளை எழுத்து ஒன்றுகூடக் கெடாதிருந்தும் புரதம் கெட்டுப்போகும்.

தெற்காசியரின் இதயத்தசை நோய் பற்றிய ஆராய்ச்சியில் பெரிதும் பேசப்பட்ட விகாரம் இவ்வகையானதே. எம்வைபிபிசி3 மரபணுவின் 32ஆம் இடைத்துண்டில் 25 எழுத்துகள் அற்றுப்போயிருப்பது இந்தியக் குடும்பங்களில் 2003இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்த தண்டபாணி, ஐதராபாத்தின் கலவியல் மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், அமெரிக்காவில் பணியாற்றிய சக்திவேல் சடையப்பன் உள்ளிட்ட பெருங்குழு ஒன்று 2009இல் நேச்சர் ஜெனெட்டிக்ஸ் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, இந்த இழப்பு அடுத்துள்ள 33ஆம் கட்டளைத் துண்டைக் கலம் தவறவிடும்படி செய்து புரதத்தின் கடைக்கோடியை உருமாற்றுகிறது என்றும், இதனைத் தாங்குவோருக்கு இதயச் செயலிழப்பு ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு என்றும், இந்தியத் துணைக்கண்ட வழிவந்த மக்களில் ஏறக்குறைய 4 சதவீதத்தினர் இதனைத் தாங்குகின்றனர் என்றும் கூறியது. இந்தியாவுக்கு வெளியே பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் இது காணப்பட, உலகின் பிற பகுதிகளில் அறவே இல்லாதிருந்தமை, ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் துணைக்கண்டத்தில் தோன்றிய ஒரே மூதாதையரிடமிருந்து இது பரவியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு இடமளித்தது.

4 சதவீதம் என்ற எண்ணைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு லட்சம் பேர் வாழும் நகரமொன்றில் 4,000 பேர் இந்த விகாரத்தைத் தாங்கி நடமாடுவர் என்பது அதன் பொருள். அது தன்னளவில் அத்துணைக் கொடியதாயின் இலங்கையின் கல்முனை வைத்தியசாலை விடுதிகளும் மதுரையின் விடுதிகளும் இதயத்தசை நோயாளரால் நிரம்பி வழிந்திருக்க வேண்டும், அவ்வாறு நிரம்பவில்லை. இந்த முரண்பாட்டுக்கு முதலில் தரப்பட்ட விளக்கம், தீங்கு நடுவயதுக்குப் பின்னரே வெளிப்படுவதால் அதற்குள் பிள்ளைகள் பிறந்து விகாரமும் அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிடுகிறது என்பது. பின்னர் வந்த ஆய்வுகள் வேறு திசையைக் காட்டின. 25 எழுத்துகளை இழந்தோருள் ஒரு சிறு பகுதியினர் அதே மரபணுவில் இன்னுமொரு மாற்றத்தையும் தாங்குகின்றனர் என்று 2018இல் அமெரிக்கவாழ் தெற்காசியரிடம் சடையப்பனின் குழு கண்டது. பிரித்தானிய ஆய்வாளர்கள் 2020இல் மேலும் ஒரு படி சென்று, தடிப்பு வகையோடு உண்மையில் தொடர்புடையது வேறோர் இடைத்துண்டின் உட்புறத்தில் உள்ள ஓர் எழுத்து மாற்றமே என்றும், அது 25 எழுத்து இழப்பின் சில பிரதிகளோடு மட்டும் ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வருகிறது என்றும், அந்த ஒட்டுதல் இல்லாதோரிடம் இழப்பு மட்டும் தனித்து நோயை விளைவிப்பதாகத் தெரியவில்லை என்றும் காட்டினர். ஒரே நிறமூர்த்தத்தில் அருகருகே அமைந்தவை பிரியாமல் சேர்ந்தே பயணிக்கும் என்பதால், குற்றம் செய்தது ஒன்று, பெயர் கெட்டது பக்கத்து வீடு என்ற நிலை மரபியலில் அடிக்கடி நேர்வதுதான். மதுரைக் குழுவின் கண்டுபிடிப்பு இதனால் சிறுமைப்படவில்லை. உண்மையான விகாரம் இருக்கும் தெருவரை உலகை அழைத்துச் சென்றது அதுவே. ஆனால் 2009இன் செய்தித் தலைப்புகளை மட்டும் நம்பி 25 எழுத்து இழப்பை இன்றும் தெற்காசியரின் சாபமாகச் சித்திரிப்பது ஏற்கத்தக்கதன்று.

குழந்தைப் பருவத்து நோய் வேறொரு கணக்கைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு பிரதிகள் உண்டு. ஒரு பிரதி கெட்டாலே நோய் தோன்றுமாயின் அது ஆட்சியான விகாரம். இரண்டும் கெட்டால்தான் தோன்றுமாயின் பின்னிடைவான விகாரம். ஒரு பிரதி கெட்டால் நடுவயதில் நோயைத் தரும் அதே எம்வைபிபிசி3, இரு பிரதிகளும் கெட்டுவிட்ட சிசுவில் முதலாண்டிலேயே உயிரைப் பறிக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆமிஷ் சமூகம் சான்று. சில முன்னோரின் வழிவந்து, தமக்குள்ளேயே மணம் முடித்துவரும் அச்சமூகத்தில், ஒரே விகாரத்தின் இரு பிரதிகளோடு பிறந்த சிசுக்களின் கடும் நோய் 2008இல் விவரிக்கப்பட்டது. 2016இல் அடையாளம் காணப்பட்ட ஏஎல்பிகே3 என்னும் மரபணுவும் இவ்வாறே: இரு பிரதிகளும் செயலிழந்த குழந்தையின் இதயம் கருவிலேயோ பிறந்த உடனேயோ விரிந்து, பிழைத்தால் வளர வளரத் தடித்துக்கொண்டு போகிறது.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என இலங்கையின் அம்பாறைக் கரையோரம் நீளும் முஸ்லிம் ஊர்களின் உறவுமுறைக்கு இந்தக் கணக்கோடு நேரடித் தொடர்புண்டு. மாமன் மகளையோ மாமி மகளையோ, அதாவது மச்சாளை, மணப்பது இங்கு உரிமையுள்ள வழக்கு. உம்மாவின் சகோதரி பிள்ளைகளோ சகோதரராகவே கொள்ளப்படுவர். இஸ்லாமியச் சட்டம் தடுக்காத அந்தத் திருமணத்தை இங்கே தடுப்பது, தாய்வழியே இறங்கும் குடி முறை. ஒருவர் தம் உம்மாவின் குடியைச் சேர்ந்தவர். ஒரே குடிக்குள் மணம் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிகளுக்கு மரைக்கார்கள் எனப்படும் பிரதிநிதிகள் இருந்த மரபும் இதன் பழமையைச் சொல்லும். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இம்முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் மரபணுக் கணக்குக்கு மச்சாளும் சகோதரி முறையானவளும் ஒன்றே: உடன்பிறந்தோரின் பிள்ளைகள் தமக்குள் மணந்தால், பிள்ளையின் எந்தவொரு மரபணுவிலும் இரு பிரதிகளும் ஒரே மூதாதையரின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, எவ்வழி உறவாயினும், பதினாறில் ஒன்று.

இந்தப் பதினாறில் ஒன்று தரும் விளைவு விகாரத்தின் பரவலைப் பொறுத்து வியப்பூட்டும் அளவுக்கு மாறுகிறது. நூற்றில் நால்வர் தாங்கும் பின்னிடைவான விகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டால், உறவில்லாதோர் திருமணத்தில் இரு பிரதிகளோடும் பிறக்கும் வாய்ப்பு 2,500இல் ஒன்று. மச்சான்–மச்சாள் திருமணத்தில் ஏறத்தாழ 600இல் ஒன்று. நான்கு மடங்கு. ஐந்நூறில் ஒருவரே தாங்கும் அரிய விகாரமாயின் முதலாவது பத்து லட்சத்தில் ஒன்று, இரண்டாவது ஏறத்தாழ 16,000இல் ஒன்று. உயர்வு அறுபது மடங்குக்கு மேல். விகாரம் எவ்வளவுக்கு அரிதோ அவ்வளவுக்கு நெருங்கிய உறவுத் திருமணத்தின் பங்கு பெரிதாகிறது. எனினும் அறுபது மடங்கு உயர்ந்த பின்னரும் அது 16,000இல் ஒன்றுதான் என்பதையும் மறத்தல் ஆகாது. எல்லாப் பின்னிடைவான நோய்களையும் கூட்டினாலும், பிள்ளைக்குக் கடும் பிறவிக் குறை ஏற்படும் பொதுவான வாய்ப்பான 2 முதல் 3 சதவீதத்தோடு உடன்பிறந்தோரின் பிள்ளைகளிடையிலான திருமணம் சேர்ப்பது ஏறக்குறைய இன்னொரு 2 முதல் 3 சதவீதமே. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் திருமணங்கள் தலைமுறைதோறும் தொடர்ந்த குடும்பங்களில் மட்டும் இந்த எண் மேலும் உயரும். பெரும்பாலான திருமணங்கள் நேர் மச்சான்–மச்சாள் திருமணங்களாக இல்லாதபோதும், மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ஊரிலோ அடுத்த ஊரிலோ தெரிவுசெய்யப்படுவதால் தொலைவான பொது மூதாதையர் பலர் இருக்கக்கூடும். ஆமிஷ் சமூகத்தின் பாடம் இந்த இரண்டாவது நெருக்கத்தைப் பற்றியதே.

திருமணம் விகாரத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருந்த இரண்டைச் சந்திக்க வைக்கிறது. குழந்தை நோயுற்றதும் ‘சொந்தத்துக்குள் முடித்ததால்தான்’ என்று முடிவு கட்டுவோர் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை, அதனால் வேறு வழிகளில் இறங்கும் விகாரங்களையும் தவறவிடுகின்றனர்.

குடி வழியும் மரபணு வழியும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை ஆராய்வது இங்கே மிகுந்த பயன் தரும். சாதாரண நிறமூர்த்தங்களிலுள்ள மரபணுக்கள் குடியைப் பொருட்படுத்துவதில்லை. வாப்பாவின் பங்கும் உம்மாவின் பங்கும் சரிபாதி. எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளவை ஓரளவு பொருட்படுத்துகின்றன. நெதர்லாந்தின் பீட்டர் பார்த் 1983இல் விவரித்த பார்த் நோய்க்குறித் தொகுதி இதற்கு எடுத்துக்காட்டு: எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள டஃபாசின் மரபணு கெடுவதால், ஆண் சிசுக்களுக்கு இதயத்தசை நோயும் தசைத் தளர்வும் தொற்றுகளை எதிர்க்கும் வெண்கலங்களின் குறைவும் ஏற்படுகின்றன. தாங்கும் தாய்க்கு நோய் இல்லை; அவளுடைய ஆண் மக்களில் பாதிப்பேருக்கு வரலாம், அவளுடைய சகோதரிகளும் தாங்குவோராயின் அவர்களின் ஆண் மக்களுக்கும் வரலாம். திருமணத்தின்பின் மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும், சகோதரிகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படும் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ அமைவதும் வழக்கமாயுள்ள இக்கரையோரத்தில், இப்படியொரு விகாரம் வந்துவிட்டால் நோயுற்ற ஆண் குழந்தைகள் எல்லோரும் ஒரே குடியில், ஏறக்குறைய ஒரே வேலிக்குள் பிறப்பர். கண்ணூறு, செய்வினை என்ற விளக்கங்கள் எழ இதைவிட வாய்ப்பான சூழல் இருக்க முடியாது. அந்தத் தாய் தன் மச்சானை மணந்தாளா, அயலாரை மணந்தாளா என்பது மகன்களின் நோய்க்கு எவ்வகையிலும் காரணமாவதில்லை.

குடி வழியே, ஒரு பிசகும் இல்லாமல், முழுமையாக இறங்கும் மரபுப்பொருள் ஒன்றே ஒன்று. கலத்துக்குச் சக்தி ஆக்கித் தரும் இழைமணிகளுக்குள் தனியாக இருக்கும் 16,569 எழுத்துகள் கொண்ட சிறு டி.என்.ஏ. வளையம் அது. அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது; மகனுக்கும் வரும், ஆனால் மகன் வழியாகத் தொடராது. குடியும் அப்படியே. இவ்வளையத்தின் 3,243ஆம் எழுத்து மாறினால், குடும்பத்தில் ஒருவருக்கு நீரிழிவும் காது கேளாமையும், வேறொருவருக்குத் தடித்த இதயமும், இன்னொருவருக்குப் பக்கவாதம் போன்ற தாக்குதல்களும் வரலாம். ஒவ்வொரு கலத்திலும் கெட்ட வளையங்களும் நல்ல வளையங்களும் எவ்விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதே யாருக்கு எது என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. குடும்ப வரலாறு கேட்கும் வைத்தியர், மூத்தம்மாவின் சர்க்கரை நோயையும் பெரியம்மாவின் செவிட்டுத்தன்மையையும் பேரனின் இதயத்தோடு சேர்த்துப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும். தாய்வழி நினைவு வலுவாக உள்ள ஊரில் அத்தகவல் எளிதில் கிடைக்கும். கல்யாணம் முடித்து வேறு வளவுக்குப் போய்விட்ட வாப்பாமாரின் சகோதரர்களைப் பற்றித்தான் தனியாக, வற்புறுத்திக் கேட்க வேண்டியிருக்கும்.

எந்த வழியிலும் வராத விகாரமும் உண்டு. பெற்றோர் இருவரிடமும் இல்லாமல், முட்டையிலோ விந்திலோ புதிதாகத் தோன்றி அந்தக் குழந்தையோடு தொடங்குவது அது. வளர்ச்சிச் சைகைகளைக் கடத்தும் ராஃப்1 மரபணுவின் விகாரங்கள் பலவும் இவ்வாறு தோன்றுபவை. நூனன் நோய்க்குறித் தொகுதி எனப்படும், முகத்தோற்றமும் உயரமும் மாறிய குழந்தைகளின் தடித்த இதயத்துக்கு இவை காரணம் என்று 2007இல் அறியப்பட்டது. மதுரையிலிருந்து நியூயோர்க் சென்ற தண்டபாணியும் புரூஸ் கெல்பும் பிறரும் 513 விரிவு வகை நோயாளரின் மரபணுக்களை வாசித்து 2014இல் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது: அதே மரபணுவின் வேறு விகாரங்கள் இதயத்தைத் தடிக்க வைக்காமல் விரிய வைக்கின்றன, தென்னிந்திய, வடஇந்திய, ஜப்பானியக் குழுக்களில் குழந்தைப் பருவத்தில் தொடங்கிய விரிவு வகையில் ஏறத்தாழ 9 சதவீதம் இவற்றால் ஏற்படுகிறது. வரிக்குதிரை மீன் கருக்களில் இவ்விகாரங்களைப் புகுத்தியபோது இதயம் செயலிழந்தது. உறுப்புமாற்று நோயாளருக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டுவரும் ராபமைசின் மருந்து அதனை மீட்டது. மீனில் மீட்டதைக் குழந்தையில் மீட்டதாகக் கொள்ள முடியாது. எனினும் சாக்கோமியருக்கு வெளியேயும் காரணத்தைத் தேட வேண்டும் என்பதை இந்த ஆய்வு உறுதிப்படுத்தியது.

காரணம் தெரிந்தால் மருந்து உண்டா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கொழுப்பமிலங்களை இழைமணிக்குள் ஏற்றிச்செல்லும் கார்னிடைன் என்ற பொருளைக் கலம் உள்வாங்க இயலாத பின்னிடைவான நோயில், இதயம் விரிந்திருந்தாலும் கார்னிடைனை வாய்வழியாகத் தொடர்ந்து கொடுத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் மீள்கிறது. வட அத்திலாந்திக்கின் ஃபரோ தீவுகளில் முந்நூறில் ஒருவருக்கு இக்குறை இருக்கிறது. இளையோர் சிலரின் திடீர் மரணங்களை அடுத்து அத்தீவு மக்கள் பரவலாகப் பரிசோதிக்கப்பட்டனர். கிளைக்கோசன் தேங்கி இதயம் தடித்துவிடும் பொம்பே நோய்க்கு 2006 முதல் நொதியச் சிகிச்சை உண்டு, விலைதான் எட்டாதது. ஆகவே விரிந்த அல்லது தடித்த இதயத்தோடு வரும் சிசுவில் முதலில் தேட வேண்டியவை, மிக அரியவையாயினும், இத்தகைய திருத்தத்தக்க காரணங்களே. சாக்கோமியர் விகாரங்களைப் பொறுத்தவரை, மயோசினின் மிகையிழுப்பைத் தணிக்கும் மவகம்டென் 2022இல் வளர்ந்தோருக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எம்வைபிபிசி3இன் நல்ல பிரதியைத் தீங்கற்ற வைரஸ் ஒன்றின் மூலம் இதயத்துக்கு அனுப்பும் முயற்சிகள் மனிதப் பரிசோதனைக் கட்டத்தில் உள்ளன.

கல்முனையின் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுவரப்படும் இத்தகைய குழந்தை, சிறப்புச் சிகிச்சைக்காக நாட்டின் மறுகரையிலுள்ள கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பப்படலாம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இயங்கிவருகிறது. 2017இல் கண்டி போதனா வைத்தியசாலையில் நாட்டின் முதல் இதயமாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிக்காத 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நடைமுறையில் இருப்பதால், கருவில் நோயைக் கண்டறிவது இங்கு பெற்றோர் முன் வைக்கும் தெரிவுகள் பிற நாடுகளில் உள்ளவை போன்றவை அல்ல. மரபணுச் சோதனையின் பயன் பிறந்த குழந்தைக்கான சிகிச்சையிலும், அடுத்த பிரசவத்துக்கு எங்கே, எவ்வாறு ஆயத்தமாவது என்பதிலும், உடன்பிறந்தோரின் இதயத்தைக் காலத்தோடு பரிசோதிப்பதிலுமே பெரிதும் தங்கியிருக்கிறது. இந்தக் கடைசிக்கு மரபணுச் சோதனைகூடக் கட்டாயமில்லை: எக்கோ எனப்படும் ஒலியலைப் படமும் ஈ.சி.ஜி.யும் போதும், பெற்றோருக்கும் சகோதரருக்கும் ஒருமுறை எடுத்து, ஆட்சியான வகை என்று ஐயம் இருந்தால் பிள்ளைகள் வளர்ந்து முடியும்வரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப எடுத்தால், உம்மா வழியில் எடுத்தது போலவே வாப்பா வழியிலும் எடுத்தால்.